ஏழைக் கைதியும் வழக்கின் ஆயத்தமும்

வைகாசித் திங்களிலே எமது கிழக்குக் கரையோரத்துக் கண்ணகை அம்மன் ஆலயங்களிற் கதவு திறந்து சடங்கு தொடங்கும்போது, 'கண்ணகி வழக்குரை' பாடப்படுவதை நம்மிற் பலர் இளமை தொட்டே கேட்டு வந்திருக்கின்றோம். வடக்கே சாய்ந்தமருதும் தெற்கே நிந்தவூரும் அணைத்து நிற்கும் காரைதீவிலும், அதற்கும் தெற்கே தம்பிலுவிலிலும் இவ்வழக்கம் தலைமுறை தலைமுறையாக நிலைபெற்றுள்ளது. கேட்போர் கண்ணீர் விடுவர். அம்மன் குளிர்த்தி பெற்று ஊருக்கு மழையும் நலமும் அருள்வாள் என நம்புவர். ஆயினும், அக்கதையை ஒரு வழக்கின் வரலாறாக எண்ணிப் பார்ப்போர் சிலரே.

எண்ணிப் பார்ப்போமாயின் ஒன்று புலப்படும். கோவலன் கள்வன் அல்லன் என்பதற்கான சான்று, அவனிடமிருந்து கைப்பற்றப்பட்ட சிலம்பினுள்ளேயே இருந்தது. அதனுள்ளிருந்த பரல் மாணிக்கமா முத்தா என்று பார்த்திருந்தால் வழக்கு ஒரு நாழிகையில் முடிந்திருக்கும். பார்ப்பதற்கு ஒருவரும் முன்வரவில்லை. பார்க்கும்படி கேட்பதற்கு அவன் பக்கத்தில் ஒருவரும் இருக்கவில்லை. பொற்கொல்லன் சொல் ஒன்றே போதுமானதாயிற்று. கண்ணகி வந்து வழக்குரைத்துச் சிலம்பை உடைத்துக் காட்டியபோது, காப்பாற்றப்பட வேண்டியவன் உயிரோடிருக்கவில்லை.

நீதிமன்றத்தில் ஒருவருக்காகப் பேசுதல் ஒரு தொழில். பேசுவதற்கு முன் சான்றுகளைத் தேடி, படித்து, சோதித்து ஆயத்தஞ் செய்தல் பிறிதொரு தொழில். பின்னையதின்றி முன்னையது பயன்படாது. வசதி படைத்தவர் இரண்டுக்கும் பணங் கொடுத்துச் சட்டத்தரணியை அமர்த்துவர். வசதியற்ற கைதிக்கு அரசாங்கம் வழங்கும் இலவசச் சட்ட உதவி இவ்விரண்டில் எதற்குப் பணங் கொடுக்கின்றது, எதற்குக் கொடாது விடுகின்றது என்பதே இக்கட்டுரையில் நாம் விளக்கப் புகுந்த பொருள். தமிழ் கற்பிப்போர்க்குச் சட்டத்தில் என்ன வேலை என்று பழைய மாணவர் சிலர் வினவக்கூடும். சற்றுப் பொறுத்திருப்பின், இவ்விடயம் தமிழ் வகுப்பறைக்கு எவ்வளவு அண்மையில் உள்ளதென்பதை அவர்களே காண்பர்.

முதலில் இலங்கைச் சட்டத்தின் நிலையைச் சுருக்கமாக நோக்குவோம். 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 13ஆம் உறுப்புரை, குற்றஞ் சாட்டப்பட்ட எவரும் தாமாகவோ சட்டத்தரணி மூலமாகவோ நியாயமான விளக்கத்திற் செவிமடுக்கப்படும் உரிமையுடையர் எனக் கூறுகின்றது. அதே 1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்ட உதவிச் சட்டத்தினால் சட்ட உதவி ஆணைக்குழு நிறுவப்பட்டது. அதன் தலைமையகம் கொழும்பு, புதுக்கடையில் உள்ளது; நீதிமன்றங்கள் அமைந்த நகரங்கள் பலவற்றில் அதன் நிலையங்கள் இயங்குகின்றன. இஃதன்றி, மேல் நீதிமன்றத்திற் குற்றப்பத்திரம் தாக்கல் செய்யப்பட்ட எதிரி ஒருவர் சட்டத்தரணியின்றி நிற்பாராயின், நீதிபதி அரசாங்கச் செலவில் ஒருவரை அவருக்கு ஒதுக்கிக் கொடுப்பார். 2007ஆம் ஆண்டின் 56ஆம் இலக்கச் சட்டமும் இவ்வுரிமையை உறுதி செய்கின்றது. குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச உடன்படிக்கையின் சில பகுதிகளை உள்நாட்டில் நடைமுறைப்படுத்த வந்த இச்சட்டத்தின் 4ஆம் பிரிவு, வசதியற்ற எதிரிக்குக் கட்டணமின்றிச் சட்ட உதவி ஒதுக்கப்படும் உரிமையைப் பேசுகின்றது.

இங்கே ஊன்றிக் கவனிக்கத்தக்கது ஒன்றுண்டு. அந்தச் சர்வதேச உடன்படிக்கையில் இலங்கை 1980ஆம் ஆண்டு இணைந்தது. அதன் 14ஆம் உறுப்புரை, எதிரிக்குத் தம் எதிர்வாதத்தை ஆயத்தஞ் செய்யப் போதிய காலமும் வசதிகளும் அளிக்கப்படல் வேண்டுமெனத் தனி வாசகம் ஒன்றினாற் கூறுகின்றது. 2007ஆம் ஆண்டுச் சட்டத்தின் 4ஆம் பிரிவு அவ்வுறுப்புரையிலிருந்து பலவற்றை எடுத்துக் கொண்டதாயினும், காலமும் வசதியும் பற்றிய அவ்வாசகத்தை எடுத்துக் கொள்ளவில்லை. சட்டத்தரணி தரப்படுவார் என்பது அங்கு எழுதப்பட்டது. அவர் படிப்பதற்குக் காலமும் பொருளும் தரப்படும் என்பது எழுதப்படவில்லை. ஒதுக்கப்படும் சட்டத்தரணிகளுக்குக் கிடைக்கும் ஊதியம் சொற்பமென்பதும், தொழிலுக்குப் புதிதாய் வந்தவர்களே பெரும்பாலும் அப்பணியை ஏற்கின்றனர் என்பதும் நீதிமன்ற வட்டாரங்களில் நெடுங்காலமாகப் பேசப்பட்டு வரும் குறை. அவ்விளைஞர்களைக் குறை கூறுதல் நம் நோக்கமன்று. மன்றில் தோன்றும் நாளுக்குக் கூலி கொடுத்து, வீட்டிலிருந்து ஏடு படிக்கும் இரவுக்குக் கூலி கொடாதுவிடின், எத்துணை நல்லவரும் எத்தனை இரவு விழித்திருப்பர்?

இனி, ஆயத்தம் என்பது யாதென்பதை விளக்குவோம். சிறு களவு வழக்கொன்றில் அது பெரிய காரியமன்று. குற்றப்பத்திரத்தைப் படித்து, சாட்சிகள் இருவர் மூவரின் கூற்றுக்களைப் படித்து, எதிரியோடு ஒருமணி நேரம் பேசினால் ஏறக்குறையப் போதும். சிக்கலான வழக்கின் நிலைமை வேறு. எதிரி பல மாதம், சில வேளை பல ஆண்டு, தடுப்பிலும் விளக்கமறியலிலும் இருந்திருப்பார். அவர் சொன்னதாக ஒரு வாக்குமூலம் இருக்கும். அது எப்போது, எங்கே, யார் முன்னிலையில், எந்த மொழியில் எழுதப்பட்டது என்று ஆராய வேண்டும். உடலிற் காயத் தழும்பு இருப்பின் வைத்தியரைக் கொண்டு சோதித்து, அது எக்காலத்துக் காயம் எனக் கேட்டறிய வேண்டும். தொலைபேசிப் பதிவுகள், கணினியிலிருந்து எடுக்கப்பட்ட படங்கள், கைப்பற்றப்பட்ட நூல்கள், இரசாயனப் பகுப்பாய்வாளரின் அறிக்கைகள் எல்லாம் ஆயிரக்கணக்கான பக்கங்களாக விரியலாம். அவற்றோடு சிறைச்சாலைக்குப் பல முறை சென்று வர வேண்டும். கல்முனைப் பக்கத்துக் கைதியொருவர் கொழும்பு மகசீன் சிறையில் இருப்பாராயின், வழி மட்டும் முந்நூறு கிலோமீற்றருக்கு மேற்பட்டது.

வழக்குத் தொடுநர் பக்கத்தில் இவை யாவற்றுக்கும் ஆள் உண்டு. பொலிசார் புலனாய்வு செய்வர். அரச பகுப்பாய்வாளர் திணைக்களம் பொருள்களைச் சோதிக்கும். சட்டமா அதிபர் திணைக்களத்திற் சம்பளம் பெறும் அரச சட்டவாதிகள் ஏட்டைப் படித்துக் குற்றப்பத்திரம் வரைவர். அது முறையே, அரசாங்கம் அவ்வாறு செய்யாவிடிற் குற்றவாளிகள் தப்பி விடுவர். தராசின் மறுதட்டில் என்ன வைக்கப்படுகின்றது என்பதே நம் கேள்வி.

மட்டக்களப்புப் பகுதியில் எழுந்த வழக்கொன்று இதனை நன்கு காட்டும். சட்ட அறிக்கைகளிற் சிங்கராசா வழக்கு என வழங்கப்படும் அது, 1993 யூலையில் நடந்த சுற்றிவளைப்பு ஒன்றிற் கைதான தமிழர் ஒருவரைப் பற்றியது. பல மாதத் தடுப்புக் காவலின் போது அவரிடமிருந்து குற்ற ஒப்புதல் வாக்குமூலம் ஒன்று பெறப்பட்டது. உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் ஒருவரும் கான்ஸ்டபிள் ஒருவருமே அப்போது உடனிருந்தனர். அந்தக் கான்ஸ்டபிளே தமிழுக்கும் சிங்களத்துக்குமிடையே மொழிபெயர்த்தார். வாக்குமூலத்தைத் தட்டச்சில் பொறித்தவரும் அவரே. சிங்களந் தெரியாத எதிரி அதிற் தம் பெருவிரல் அடையாளத்தை இட்டார். 1994 செப்டெம்பரில் மேல் நீதிமன்றத்தில் தோன்றும்வரை அவருக்குச் சட்டத்தரணி எவரும் இருக்கவில்லை. அப்போதுதான் அரசாங்கச் செலவில் ஒருவர் ஒதுக்கப்பட்டார். பின்னர் அவர் தாமே ஒருவரை அமர்த்திக் கொண்டார்.

1979ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் 16ஆம் பிரிவு, உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாத அதிகாரியிடம் அளிக்கப்பட்ட வாக்குமூலத்தைச் சான்றாக ஏற்க இடமளித்தது. அது தாமாக விரும்பி அளித்ததன்று என நிரூபிக்கும் சுமையையும் எதிரியின் தலையிலேயே ஏற்றியது. பொதுச் சட்டத்திற் பொலிஸ் அதிகாரியிடம் அளிக்கும் ஒப்புதல் சான்றாகாதென்பது மாணவர் கருத்திற் கொள்ளத்தக்கது. இச்சுமையைச் சுமப்பதற்கு எதிரிக்கு வேண்டியவை யாவை? காயங்களைக் காலங் கணித்துக் கூறும் வைத்தியச் சான்று வேண்டும். வாக்குமூலத்தின் சொல்லையும் நடையையும் ஆராயும் மொழியறிஞர் வேண்டும். தடுப்புக் காலத்து நாட்குறிப்புக்களைத் துருவிப் படிக்க மணிக்கணக்கில் நேரம் வேண்டும். இந்த வழக்கில் எதிரியின் முதுகில் தழும்புகளும் இடக்கண்ணிற் பார்வையைக் கெடுத்த காயமும் இருப்பதாக வைத்திய அறிக்கை கூறியது. ஆயினும், அவர் நீதவானிடம் முறையிடாமையையும் கருத்திற் கொண்ட மேல் நீதிமன்றம் வாக்குமூலத்தை ஏற்றுக் கொண்டது. அஃதொன்றையே ஆதாரமாகக் கொண்டு 1995ஆம் ஆண்டில் 50 வருடச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. 1999இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அதனை 35 வருடமாகக் குறைத்தது.

வழக்கு ஐக்கிய நாடுகள் மனித உரிமைகள் குழுவின் முன் சென்றபோது, அக்குழு 2004 யூலையில் தன் கருத்தை வெளியிட்டது. புலனாய்வு செய்த இருவரின் முன்னிலையில் மட்டும் பெறப்பட்டதும், அவர்களுள் ஒருவரே மொழிபெயர்த்ததுமான ஒப்புதலை மட்டுமே நம்பித் தீர்ப்பளித்தமை நியாயமான விளக்கமாகாது என அது கூறியது. நிரூபிக்கும் சுமையை எதிரியின் மேற் சுமத்தியமையும் உடன்படிக்கைக்கு மாறானதெனக் கண்டது. ஆயினும், 2006 செப்டெம்பரில் இலங்கை உயர் நீதிமன்றம் அக்கருத்தின் அடிப்படையில் மீளாய்வு செய்ய மறுத்தது. அக்குழுவிடம் முறையிட வழி செய்த 1997ஆம் ஆண்டு இணைவே அரசியலமைப்புக்கு ஒவ்வாதது என்பது அதன் முடிவு. அந்த அரசியலமைப்பு வாதத்துள் நாம் இங்குப் புகவில்லை. நம் கருத்துக்குரியது, முதல் விளக்கத்திற் செய்யத் தவறிய ஆயத்தத்தை மேலுள்ள மன்றங்களிற் பின்னர் ஈடுசெய்தல் எத்துணை அரிதென்பதே.

மொழியைப் பற்றி ஈண்டுச் சிறிது கூறுதல் தகும்; ஏனெனில், தமிழ்க் கைதிகளின் வழக்குகளில் ஆயத்தத்தின் பெரும்பங்கு மொழியாராய்ச்சியே. தமிழில் 'நாம் போனோம்' என்பதற்கும் 'நாங்கள் போனோம்' என்பதற்கும் வேறுபாடுண்டு. முன்னையது கேட்பவரையும் உள்ளடக்கும், பின்னையது அவரை விலக்கும். சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் இரண்டும் ஒரே சொல்லாகிவிடும். சதி செய்ததாகக் குற்றஞ் சாட்டும் வழக்கில், 'நாங்கள்' என்ற சொல்லினுள் யார் யார் அடங்குவர் என்பதே வழக்கின் உயிராகலாம். இன்னும் ஒன்று: எமது பேச்சுவழக்கிற் 'பொடியன்மார்' என்றால் அயலிலுள்ள இளைஞர் என்பது பொருள். போர்க் காலத்தில் அதே சொல் ஆயுதம் ஏந்திய இயக்கத்தவரையும் குறித்தது. 'பொடியன்மார் வந்து சோறு கேட்டார்கள், குடுத்தோம்' என்று ஒரு தாய் கூறினால், அவள் யாருக்குச் சோறு கொடுத்தாள்? இதனை அறியாத மொழிபெயர்ப்பாளர் ஒரு சொல்லைத் தெரிந்து எழுதிவிட்டால், அச்சொல்லே ஏட்டில் நிலைத்துவிடும். பின்னர் அதனை மறுப்பதற்கு மூல மொழியையும் வட்டார வழக்கையும் அறிந்தவர் ஒருவர் சான்று கூற வேண்டும். அவருடைய பயணத்துக்கும் காலத்துக்கும் பணம் யார் கொடுப்பது?

அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரை, நீதிமன்ற மொழியை அறியாத தரப்பினருக்குச் சிங்களத்திலோ தமிழிலோ மொழிபெயர்ப்பை அரசாங்கம் வழங்க வேண்டுமெனக் கூறுகின்றது. மன்றில் நடப்பதை எதிரி விளங்கிக் கொள்வதற்கு அது பெருந்துணை. ஆனால், வழக்குத் தொடுநரின் மொழிபெயர்ப்பு சரியானதா என்று எதிரி தன் பக்கத்திற் சோதித்துப் பார்ப்பதற்குரிய ஏற்பாடு அதுவன்று.

தமிழாசிரியர்களாகிய எம்மை நேரே தொட்ட வழக்கொன்றும் அண்மைக் காலத்தில் நிகழ்ந்தது. மன்னார், சிலாவத்துறையைச் சேர்ந்த இளங்கவிஞரும் தமிழ் ஆசிரியருமான அஹ்னாப் ஜஸீம் அவர்கள், 2020 மே 16ஆம் நாள் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ்க் கைது செய்யப்பட்டார். 2019 ஏப்ரல் 21ஆம் நாள் உயிர்த்த ஞாயிற்றுக் குண்டுத் தாக்குதல்களின் பின்னர் முஸ்லிம் சமூகத்தின் மேற் கவிந்த ஐயத்தின் நிழல் அப்போதும் நீங்கியிருக்கவில்லை. அந்நாட்களின் அச்சம் எத்தகையதென்பதைச் சாய்ந்தமருது, கல்முனை வாழ் மக்களுக்கு நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை. 2017இல் அவர் வெளியிட்ட 'நவரசம்' என்னும் தமிழ்க் கவிதைத் தொகுதி தீவிரவாதத்தைத் தூண்டுவதெனச் சந்தேகிக்கப்பட்டது.

நவரசம் என்ற பெயரே நூலின் அமைப்பைக் கூறி நிற்பதைத் தமிழ் கற்றோர் உணர்வர். வடமொழியார் ஒன்பது சுவை என்பர்; தொல்காப்பியர் மெய்ப்பாடு எட்டு என்பார். அவற்றுள் வெகுளியும் உண்டு, அச்சமும் உண்டு, இளிவரலும் உண்டு. வெகுளிச் சுவையிற் பாடிய பாட்டைத் தனியே பிரித்தெடுத்துப் பாடியவர் கொலைவெறி கொண்டவர் என முடிவு செய்தால், நம் காப்பியப் புலவர்களுள் ஒருவரேனும் தப்புவாரோ? ஆயினும், தமிழ் படிக்க இயலாத அதிகாரி மேசையில் அந்நூல் கிடக்கும்போது, அதன் பொருள் மொழிபெயர்ப்பாளரின் கையிலேயே உள்ளது. பின்னர் தமிழறிந்தோர் அக்கவிதைகளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து வெளிப்படுத்தினர். வன்முறையையும் அதனைச் செய்யும் இயக்கங்களையும் கண்டிக்கும் பாடல்கள் அத்தொகுதியிலேயே இருப்பதை மனித உரிமை அமைப்புக்கள் எடுத்துக் காட்டின. 2021 ஏப்ரலில் உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனு தாக்கலாயிற்று. அவ்வாண்டு டிசம்பரிற் புத்தளம் மேல் நீதிமன்றம் பிணை வழங்கியது. 2023 டிசம்பரில் அதே மன்றம் அவரை விடுதலை செய்தது. பிணை கிடைக்கும்வரை அவர் 19 மாதங்கள் அடைபட்டிருந்தார்.

இவ்வழக்கிற் சிலம்பு உடைக்கப்பட்டது, உயிரோடிருக்கும்போதே உடைக்கப்பட்டது. அது மகிழ்ச்சிக்குரியது. ஆனால், கவிதை நூலொன்றைச் சொல்லுக்குச் சொல் படித்து, சுவையறிந்து, பிற மொழியிற் பெயர்த்து, நீதிபதி விளங்கும்படி வைத்தல் வாரக் கணக்கான உழைப்பு. வெளியார் கவனத்தை ஈர்த்த வழக்காதலின் அவ்வுழைப்பைத் தர ஆள்கள் முன்வந்தனர். எவருடைய கவனத்தையும் ஈர்க்காத கைதியின் ஏட்டை யார் படிப்பர் என்பதற்கு விடை ஒரு தனி மனிதரின் இரக்கத்திற் தங்கியிருத்தலாகாது.

பிற நாடுகள் இதற்கு என்ன வழி கண்டுள்ளன? இங்கிலாந்தில் அரச செலவில் வழக்காடுவோருக்கு வழக்கின் வகை நோக்கி நிலையான கட்டணம் உண்டு. அதற்கு மேலாக, 'சிறப்பு ஆயத்தம்' எனத் தனித் தலைப்பொன்றும் அந்நாட்டுக் கட்டண விதிகளில் இடம் பெற்றுள்ளது. வழக்கில் மிகவும் அசாதாரணமான அல்லது புதுமையான சட்டப் பிரச்சினை எழுந்தாலோ, படிக்க வேண்டிய பக்கங்கள் விதித்த எல்லையைக் கடந்தாலோ, மேலதிக ஆயத்தத்துக்கு மணிக்கணக்கிற் பணம் கோரலாம். பல வழக்கு வகைகளில் அவ்வெல்லை 10,000 பக்கம். கோருவோர் தாம் செலவிட்ட நேரத்துக்குக் குறிப்புக் காட்ட வேண்டும். அதிகாரிகள் அதனைச் சோதித்து நியாயமானதையே அனுமதிப்பர். அங்கும் எல்லாம் செம்மையாக நடந்ததில்லை. 2013இற் கைதிகளுக்கான சட்ட உதவி பெரிதும் வெட்டப்பட்டது. கைதிகளுக்காகப் பாடுபடும் இரு அமைப்புக்கள் வழக்காடின. 2017இல் அந்நாட்டு மேன்முறையீட்டு நீதிமன்றம், மிக உயர்ந்த பாதுகாப்பு வகுப்பிலுள்ள கைதிகளின் மீளாய்வு உட்பட மூன்று துறைகளில் அவ்வெட்டு முறையற்றதெனத் தீர்ப்பளித்தது. தனியே நின்று தம் பக்கத்தை எடுத்துரைக்க இயலாதவருக்கு உதவியை நிறுத்துதல் முறைமையையே அநீதியாக்கும் என்பது அதன் சாரம். 2018இல் அவ்வுதவி மீண்டது.

அமெரிக்காவிற் கிளாரன்ஸ் கிடியன் என்னும் ஏழை, சட்டத்தரணி கேட்டு மறுக்கப்பட்டு, தாமே வாதாடித் தோற்றுச் சிறை சென்றார். அங்கிருந்து கைப்பட எழுதிய மனுவின்பேரில், கடுங் குற்ற வழக்குகளில் ஏழை எதிரிக்கு அரசு சட்டத்தரணி அளிக்க வேண்டுமென 1963இல் அந்நாட்டு உயர் நீதிமன்றம் தீர்த்தது. இக்கதையின் முற்பகுதி பலருக்குத் தெரியும். பிற்பகுதியே நமக்கு வேண்டியது. மறுவிசாரணையில் அமர்ந்த உள்ளூர்ச் சட்டத்தரணி, விளக்கத்துக்கு முன் சில நாட்களைச் செலவிட்டு, சாட்சிகளைப் பற்றி ஊரில் விசாரித்து வைத்திருந்தார். குறுக்குக் கேள்விகளில் முக்கிய சாட்சியின் நம்பகம் தளர்ந்தது. யூரிமார் கிடியனை விடுதலை செய்தனர். 1985இல் அதே உயர் நீதிமன்றம், புத்தி சுவாதீனம் கேள்விக்குள்ளான ஏழை எதிரிக்கு மனநோய் மருத்துவ வல்லுநரின் உதவியையும் அரசு அளித்தல் வேண்டுமென்றது. சட்டத்தரணியை மட்டும் தந்தாற் போதாது, அவருக்குக் கருவிகளும் வேண்டும் என்பது அத்தீர்ப்பின் கருத்து.

அயலிலுள்ள இந்தியாவின் பாடம் இன்னும் கூர்மையானது. மத்தியப் பிரதேசத்தில் 2013இல் நடந்த ஒரு கொலை வழக்கிற் குற்றச்சாட்டு வனையப்பட்ட அன்றே எதிரிக்குச் சட்ட உதவி வழக்கறிஞர் நியமிக்கப்பட்டார். இரண்டு வாரங்களுக்குள் விசாரணை முடிந்து மரண தண்டனை விதிக்கப்பட்டது. அனோகிலால் வழக்கெனப்படும் இதனை 2019 டிசம்பரில் ஆராய்ந்த இந்திய உச்ச நீதிமன்றம், ஆயத்தஞ் செய்யக் காலந் தராத சட்ட உதவி உண்மையான சட்ட உதவியன்று எனக் கண்டு, தண்டனையை நீக்கி மறுவிசாரணைக்கு ஆணையிட்டது. ஆயுள் அல்லது மரண தண்டனைக்குரிய வழக்குகளிற் குறைந்தது 10 ஆண்டு அனுபவம் உள்ளவரையே நியமிக்க வேண்டும். ஆயத்தத்துக்குச் சாதாரணமாக 7 நாட்களேனும் தரல் வேண்டும் எனவும் விதித்தது. பின்னும் நீண்ட விசாரணைகளின் முடிவில், 2024இல் எதிரி விடுதலையானார்.

இவ்வழக்கை நாம் வேறொரு காரணத்துக்காகவும் எடுத்துக் கூறுகின்றோம். கொலையுண்டது ஒரு சிறு பெண் குழந்தை. குற்றவாளிக்கு ஏன் மக்கள் வரிப்பணத்தைக் கொட்ட வேண்டும், பாதிக்கப்பட்டவருக்கன்றோ கொடுக்க வேண்டும் என்று கேட்போர் நம்மிடையே உளர். அவர்களுடைய சினம் இயல்பானது. ஆனால், 2013இற் சில நாட் காலமும் சிறிது பணமும் மிச்சம் பிடிக்கப்போய், அக்குழந்தையின் பெற்றோர் 11 ஆண்டுகள் மன்றங்களின் வாயிலிற் காத்து நின்றனர். இறுதியிற் குற்றவாளி யாரென்பதே தெளியவில்லை. ஆயத்தமற்ற எதிர்வாதம் எதிரிக்கு மட்டுமன்றி, இறந்தவரின் இனத்தாருக்கும் இழைக்கப்படும் கேடு. பொய்க் கணக்குக் காட்டிப் பணம் பெறுவோர் தோன்றுவர் என்பது இன்னொரு தடை. அஃது உண்மையே, அதற்கு மருந்து கணக்குச் சோதனையேயன்றி, கணக்கையே மூடிவிடுதலன்று.

ஆதலின், நம் நாட்டிற் செய்யத்தக்கவை எனப் பின்வருவனவற்றைக் கூறத் துணிகின்றோம். சிக்கலான வழக்கென நீதிபதி அல்லது சட்ட உதவி ஆணைக்குழு சான்று செய்யும் வழக்குகளில், மன்றில் தோன்றும் கட்டணத்துக்குப் புறம்பாகப் படிக்கும் நேரத்துக்கென ஊதியம் ஒதுக்கப்படல் வேண்டும். எதிரியின் சார்பிற் சுதந்திரமான மொழிபெயர்ப்பாளர், வைத்தியர் முதலிய வல்லுநரை அமர்த்தச் சிறு நிதியொன்று வேண்டும். தொலைவிலுள்ள சிறைக்குச் சென்றுவரும் செலவு தனியே தரப்படல் வேண்டும். கடுந் தண்டனைக்குரிய வழக்குகளில் இளையவரோடு அனுபவம் மிக்க ஒருவரும் அமர்த்தப்படல் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, சட்டத்தரணி குற்றப்பத்திரம் வந்தபின் அன்றி, தடுப்பின் தொடக்கத்திலேயே கைதியைச் சேர வேண்டும். பல வழக்குகளின் தலைவிதி அந்த முதற் சில நாட்களிலேயே எழுதப்பட்டு விடுகின்றது.

அரசாங்கம் செய்யும்வரை நாம் கைகட்டியிருக்க வேண்டுவதில்லை. எமது கல்லூரியின் பழைய மாணவருட் சட்டத்தரணிகள் உளர், வைத்தியர் உளர், அரச மொழிபெயர்ப்பாளர் உளர். ஆண்டுக்கு ஒரு வழக்கின் ஏட்டை ஊதியம் கருதாது படித்துக் கொடுப்பதென ஒவ்வொருவரும் துணிந்தால் அது சிறிய பணியன்று. நல்ல தமிழும் நல்ல சிங்களமும் ஒருங்கே கற்ற மொழிபெயர்ப்பாளர் இந்நாட்டு நீதிமன்றங்களுக்குப் பெரிதும் வேண்டப்படுகின்றனர் என்பதை இன்று வகுப்பிலிருக்கும் மாணவர் அறிதல் நன்று. இரு மொழியும் கற்பது தேர்விற் புள்ளி பெறுவதற்கு மாத்திரமன்று. ஒருவருடைய விடுதலையும் அதிற் தங்கியிருக்கலாம். தமிழாசிரியராகிய எம்மவருக்கும் ஒரு கடன் உண்டு. கவிதையைச் சூழலோடு படிக்கவும், சொல்லின் பல பொருளை ஆராயவும், சொன்னதையும் சொல்லாததையும் பிரித்தறியவும் நாம் கற்பிக்கின்றோம். அக்கல்வி மன்றிலும் பயன்படுமென்பதை மாணவருக்கு எடுத்துச் சொல்லல் வேண்டும்.

நபிகள் நாயகம் அவர்கள் அலீ அவர்களை யெமனுக்கு நீதி வழங்க அனுப்பியபோது, ஒரு பக்கத்தைக் கேட்டது போலவே மறுபக்கத்தையும் கேட்கும்வரை தீர்ப்பளிக்க வேண்டாமெனப் பணித்ததை நம் அயலூர்ப் பள்ளிவாசல்களில் எடுத்துரைப்பர். கண்ணகை அம்மன் சந்நிதியிற் பாடப்படும் வழக்குரையும், கேளாது தீர்த்த மன்னனின் கதையையே கூறுகின்றது. ஒரே கடற்காற்றைச் சுவாசிக்கும் இரு சமூகத்தாரும் தத்தம் வழியில் இதனை அறிந்தே வைத்திருக்கின்றோம். கேட்பதென்றால் செவியைத் திறந்து வைத்தல் மட்டுமன்று. சொல்ல வேண்டியவன் தன் பக்கத்தைத் தேடி எடுத்து வருவதற்குக் காலமும் பொருளும் கொடுத்தலும் அதனுள் அடங்கும். நமது கல்லூரியின் இந்நன்னாளிற் பழைய மாணவர் அனைவரும் இதனைச் சிந்தையிற் கொள்வாராக.